தடயமும் தொடரும்

ஒரு கலைவடிவத்தைத் திறனாய்வு செய்யப் புகுவோர், அது எதைச் சாதிக்க விரும்பியது, அதைச் சாதித்ததா, சாதித்ததனால் காண்போருக்கு விளைந்தது யாது என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே எழுப்பிப் பார்ப்பது முறை. தொலைக்காட்சியிலும் இணையத் திரையிலும் இன்று பெருகிக் கிடக்கும் துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலிரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். விறுவிறுப்பு இருந்தது, இல்லை என்ற அளவில் அபிப்பிராயம் முடிந்துவிடுகிறது. அத்தொடர்களில் காட்டப்படும் தடய விஞ்ஞானமும் கண்காணிப்புச் சாதனங்களும் எவ்வளவு தூரம் யதார்த்தமானவை என்ற விசாரணை மூன்றாம் வினாவைச் சார்ந்தது. கொலைக்களத்தையோ ஆய்வகத்தையோ ஒருநாளும் நேரிற் கண்டிராத கோடிக்கணக்கான மக்களுக்கு, நீதி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக அத்தொடர்களே அமைந்துவிட்டபடியால், அந்தப் பள்ளியின் பாடம் சரியானதுதானா என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

1998ஆம் ஆண்டு சோனி தொலைக்காட்சியில் தொடங்கிய 'சி.ஐ.டி.' என்னும் இந்தித் தொடர், டாக்டர் சாளுங்கே என்ற பாத்திரத்தின் வாயிலாக, ஆய்வகத்து விஞ்ஞானி ஒருவரைத் துப்பறிவாளருக்குச் சமமான கதாநாயகராக்கியது. இரண்டாண்டுகள் கழித்து அமெரிக்காவில் தோன்றிய 'சி.எஸ்.ஐ.' அந்த மாற்றத்தை உலகமெங்கும் பரப்பிற்று. தமிழில் 'நவம்பர் ஸ்டோரி' (2021), 'சுழல்' (2022), 'வதந்தி' (2022) ஆகிய தொடர்கள் வந்த பிறகு, பிரேதப் பரிசோதனையும் கேமராப் பதிவும் கைப்பேசி அழைப்புப் பட்டியலும் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சில் இடம்பெற்றுவிட்டன.

இவ்வகைத் தொடர்களின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். நம் திரைப்படங்களில் நெடுங்காலமாக உண்மையை வெளிக்கொணரும் கருவியாக இருந்தது லத்தியே. போலீஸ் நிலையத்து உள்ளறையில் அடி தாங்காமல் கைதி வாய்திறப்பதும், அதைக் கண்டு அரங்கம் கைதட்டுவதும் வழக்கமாகியிருந்தன. உண்மை என்பது மனித உடலின் வேதனையிலிருந்து பிழிந்தெடுக்கப்படுவதன்று, ஒரு மயிரிழையிலும் ஒரு மண்துகளிலும் அது அமைதியாகக் காத்திருக்கிறது என்ற எண்ணத்தைச் சாமானிய மனிதனின் மனத்தில் ஊன்றியது துப்பறியும் தொடர்கள் செய்த பெரிய தொண்டு. அந்த எண்ணம் நமக்கு அந்நியமானதும் அன்று. 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் விஷங்களைப் பரிசோதிக்கும் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஏற்பட்டுவிட்டது. 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட கைரேகை நிலையத்தில் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இருவர் வகுத்துத் தந்த வரிசைமுறையின் மேல்தான் எட்வர்ட் ஹென்றியின் பெயர்பெற்ற கைரேகைப் பகுப்பு எழுந்தது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்று விதித்து, அதை முழுமையாக நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறது. சட்டம் கேட்பது இன்னதென்று பொதுமக்களுக்கு முன்கூட்டியே ஒருவாறு விளங்கியிருக்கிறதென்றால், அதில் தொடர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, குறைகளைப் பார்ப்போம். முதற்குறை கால அளவைப் பற்றியது. தொடரில் விளம்பர இடைவேளைக்கு முன்னால் எடுத்த இரத்த மாதிரிக்கு இடைவேளைக்குப் பின்னால் விடை வந்துவிடுகிறது. திண்டுக்கல் சமவெளியில் நிகழும் ஒரு சந்தேக மரணத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே ஆய்வகங்களுக்குப் பெருவாரியாகப் போய்ச் சேர்வது கதைகளில் வரும் அபூர்வ விஷமன்று. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும், வேலியோரத்து அரளி விதையும், கள்ளச் சாராயமுமே பெரும்பாலும். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் இரைப்பை, குடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றை எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில், சாதாரண உப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரில் இட்டு, அரக்கு முத்திரை வைக்கிறார். தொடர்களிலே பளபளக்கும் ஃபார்மலின் குப்பிகளைக் காட்டுகின்றனரே, அந்தத் திரவத்தில் இட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பதே கடினமாகிவிடும். சமையலறை உப்பே அங்கே விஞ்ஞானத்தின் துணை. முத்திரையிட்ட புட்டிகள், வேண்டுகோள் கடிதத்தோடு மாஜிஸ்டிரேட்டு நீதிமன்றத்தின் வழியாக ஒரு காவலரின் கையில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் பயணமாகின்றன. அங்கே அவற்றுக்கு முன் வந்து காத்திருக்கும் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அறிக்கை திரும்பும் வரையில், மரணத்துக்கான காரணம் பற்றிய மருத்துவரின் இறுதிக் கருத்தும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வாரங்களாகவும் மாதங்களாகவும் நீளும் அந்தக் காத்திருப்பே நிஜமான விசாரணையின் பெரும்பகுதி; தொடர்களோ அதை மட்டும் அடியோடு அறுத்தெறிந்துவிடுகின்றன.

இரண்டாங்குறை கண்காணிப்புக் கேமராவைப் பற்றியது. மங்கலான ஒரு படத்தை அதிகாரி பெரிதாக்கச் சொல்கிறார்; உதவியாளர் விசையைத் தட்டுகிறார்; குற்றவாளியின் முகமும் சட்டைப் பொத்தானும் துலங்கிவிடுகின்றன. ஒரு முகம் முழுவதும் இருபது முப்பது புள்ளிகளுக்குள் அடங்கிப் பதிவாகியிருக்குமானால், அதைப் பெரிதாக்குவதால் புள்ளிகள்தாம் பெருகுமேயன்றி, பதிவாகாத மூக்கும் கண்ணும் எங்கிருந்தும் வந்து சேரா. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இன்று படத்தைத் தெளிவாக்கிக் காட்ட முடிகிறதே என்பாருண்டு. அத்தெளிவு அவ்வியந்திரம் முன்பு கண்ட ஆயிரம் முகங்களின் அனுமானம், குறிப்பிட்ட அந்த மனிதனைப் பற்றிய சாட்சியம் ஆகாது. திண்டுக்கல் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் நடந்தால், கடைக்குக் கடை கேமரா தொங்குவதைக் காணலாம். அவற்றில் ஒன்றன் வில்லை மேல் புழுதி படிந்திருக்கும். இரவில் கேமராவைச் சுற்றிவரும் பூச்சிகளைப் பிடிக்கச் சிலந்தி வலை பின்னியிருக்கும். மற்றொன்று எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கில் கண்கூசி, எண்பலகையை வெறும் வெள்ளைத் தகடாகப் பதிந்துகொண்டிருக்கும். பதிவுப் பெட்டியின் கடிகாரம் மின்சாரம் போய்வந்ததிலிருந்து பதினைந்து நிமிடம் பின்தங்கி ஓடுவதைக் கடைக்காரரும் கவனித்திருக்க மாட்டார். ஹார்டு டிஸ்க் நிறைந்தவுடன் பழைய நாட்கள் தாமே அழிந்து, புதிய நாட்கள் அவற்றின்மேல் எழுதப்படும். இத்தனையையும் உத்தேசித்து, கடிகாரப் பிழையைக் குறித்துக்கொண்டு, அழியுமுன் ஓடிச்சென்று பதிவைக் கைப்பற்றுவதில்தான் ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டும் தொடர் அரிது.

கைப்பேசிக் கோபுரத்தைப் பற்றிய சித்திரமும் இத்தகையதே. திரையில் தேசப்படம் விரிகிறது, சிவப்புப் புள்ளி ஒன்று குறிப்பிட்ட வீட்டின்மேல் சிமிட்டுகிறது. அழைப்பு விவரப் பட்டியல் உண்மையில் சொல்வது, இன்ன எண் இன்ன நேரத்தில் இன்ன கோபுரத்தின் இன்ன திசைப் பகுதியைத் தொட்டது என்பதை மட்டுமே. ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் இடைப்பட்ட திறந்தவெளியில் அந்த ஒரு பகுதிக்குள்ளே பல ஊர்களும் தோட்டங்களும் நெடுஞ்சாலையும் அடங்கிவிடக்கூடும். ஒரு கோபுரத்தில் கூட்டம் மிகுந்தால் அழைப்பு அடுத்த கோபுரத்துக்குத் தாவுவதும் உண்டு. ஆகவே, அவன் அங்கே இருந்திருக்க முடியாது என்று காட்டுவதற்கு இப்பட்டியல் பெரிதும் பயன்படுகிறது; அவன் அந்த வீட்டில்தான் இருந்தான் என்று நாட்டுவதற்கு அது மட்டும் போதாது. இதைவிட விசித்திரமானது, கடத்தல்காரனை இன்னும் சில விநாடி பேசவையுங்கள் என்று அதிகாரி சைகை காட்டும் காட்சி. இயந்திரச் சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் தேடிச் சென்று அழைத்தவரைக் கண்டுபிடித்த பழைய தொலைபேசி நிலையங்களின் காலத்துக்கு அது பொருந்தியது. இன்று அழைப்பு இணைந்த கணமே எண் பதிவாகிவிடுகிறது. ஆயினும் பதற்றத்தை வளர்க்க உதவுவதால், நாடக ஆசிரியர்கள் அந்தக் காலாவதியான சம்பிரதாயத்தை விடமாட்டேனென்கிறார்கள்.

இக்குறைகளெல்லாம் மிகைப்படுத்தலைச் சேர்ந்தவை. கலைக்கு ஓரளவு மிகை உரிமையுண்டு என்று மன்னித்துவிடலாம். மன்னிக்கவொண்ணாத குறை ஒன்று உண்டு. அது நிச்சயத்தைப் பற்றியது. திண்டுக்கல்லுக்குப் புகழ் தந்ததும், 2019இல் புவிசார் குறியீடு பெற்றதுமான நம்மூர்ப் பூட்டையே உதாரணமாக்கிக் காண்போம். தொடரில் திருடன் ஒரு கொண்டையூசியை நுழைத்து இரண்டு திருகு திருகுகிறான், பூட்டு வாய் பிளக்கிறது; விஞ்ஞானி உருப்பெருக்கியில் ஒருமுறை எட்டிப் பார்த்து, இன்ன கருவியால் திறக்கப்பட்டது என்று அறுதியிட்டுவிடுகிறார். கையால் அராவிச் செய்த பூட்டில் உள்ளிருக்கும் ஒவ்வொரு லீவர் தகடும் தன் சாவியின் பல்லுக்கேற்ற உயரத்துக்கு எழும்பினாலன்றித் தாழ் நகராது. கள்ளச்சாவியோ கம்பியோ உள்ளே துழாவியிருந்தால், அத்தகடுகளின் விளிம்பில் நூலிழை போன்ற கீறல்கள் புதிதாக விழுந்திருக்கும். அவற்றைக் காண்பதற்குப் பூட்டைக் கவனமாக வெட்டித் திறந்து, சந்தேகத்துக்குரிய கருவியால் ஈயம் போன்ற மெல்லிய உலோகத்தில் சோதனைக் கீறல்கள் இட்டு, இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே பொருத்திப் பார்க்கவேண்டும். காவல்நிலையத்தில் யாரேனும் ஆர்வக்கோளாறால், பிடிபட்ட சாவியை அந்தப் பூட்டுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டாலோ, பழைய கீறலின்மேல் புதுக் கீறல் விழுந்து சாட்சியமே கெட்டுவிடும். இவ்வளவுக்கும் பிறகு நிபுணர் எழுதும் வாசகம், பொருந்துகிறது, பொருந்தவில்லை, கருத்துரைக்க இயலவில்லை என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். அம்மூன்றாவது வாசகத்தைத் தொடரில் கேட்பதே அபூர்வம்.

நிச்சயமின்மையை ஒப்புக்கொள்வது விஞ்ஞானத்தின் பலவீனமாகாது. அதுவே அதன் நேர்மை. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிபுணர்கள் ஆரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று உறுதிகூறி அவரைக் காவலில் வைத்தனர். ஸ்பெயின் நாட்டுப் போலீசார் அது வேறொருவனுடையது என்று காட்டிய பிறகே அவர் விடுபட்டார். 2009இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, மரபணு ஆய்வு நீங்கலாக, ஒரு தடயத்தை ஒரே மனிதனோடு ஐயமற இணைத்துக் காட்டும் வல்லமை வேறெந்த முறைக்கும் கறாராக நிரூபிக்கப்படவில்லை என்றே சொல்லிற்று. நம் தொடர்கள் பெரிதும் விரும்பும் உண்மை கண்டறியும் ஊசிக்கும் எல்லை உண்டு: நார்கோ பரிசோதனையையும் பொய்யறியும் கருவியையும் மூளை வரைபடத்தையும் ஒருவர்மேல் அவர் சம்மதமின்றிச் செலுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆயினும் திரையில் அந்த ஊசி ஏறிக்கொண்டேயிருக்கிறது. லத்தியை வெளியேற்றிவிட்டோம் என்று மகிழ்ந்த நாம், அது வெள்ளைக் கோட்டு அணிந்து திரும்பி வருவதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

நிஜ வழக்குகளை அருகில் வைத்துப் பார்த்தால், தொடர்கள் இழந்தது எது என்பது விளங்கும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, விசாரணைக்குக் கிடைத்த தலையாய சாதனம், அங்கேயே உயிரிழந்த புகைப்படக்காரர் ஒருவரின் உடல்மீது சிதையாமல் கிடந்த சாதாரணக் கேமராவும், அதனுள்ளிருந்த பத்துப் படங்களும். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிய துணித்துண்டுகளையும் கம்பிகளையும் காயங்களின் அமைப்பையும் ஒன்றுகூட்டி, வெடிகுண்டு ஒரு பெண்ணின் இடுப்புக்கச்சையில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். சதிகாரனின் முகம் படத்தில் கிடைத்துவிட்ட பிறகும், ஆளைச் சென்றடையப் புலனாய்வுக் குழுவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. முகம் கிடைப்பது வேறு, மனிதன் கிடைப்பது வேறு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை நடந்து கடந்தவர்கள் போலீஸ்காரர்கள்.

2015இல் திருச்செங்கோட்டில் ஓர் இளம் பொறியாளர் சாதிவெறிக்குப் பலியான வழக்கு இன்னும் நெருங்கிய பாடம். அர்த்தநாரீசுவரர் கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவு அவ்வழக்கின் உயிர்நாடியாக இருந்தது. தொடராக இருந்தால், பதிவைத் திரையில் ஓட்டிய கணத்தில் வழக்கு முடிந்திருக்கும். நடந்ததோ வேறு: பதிவில் தெரியும் பெண் நான் அல்லேன் என்று முக்கிய சாட்சி நீதிமன்றத்திலேயே மறுத்துவிட்டார், மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் மலையேறிச் சென்று, கேமராக்கள் எங்கெங்கே பொருத்தப்பட்டிருந்தன என்று தாமே நேரிற் பார்வையிட்டனர், 2023 ஜூனில்தான் ஆயுள் தண்டனைகள் உறுதிசெய்யப்பட்டன. மின்னணுப் பதிவு எதுவாயினும், அது எந்தச் சாதனத்திலிருந்து யாரால் எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழோடு வரவேண்டுமென்று, முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும் இன்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் கேட்கின்றன. பார்வை மகஜர், அதில் கையெழுத்திடும் கிராம நிர்வாக அலுவலர், முத்திரை, சான்றிதழ் ஆகிய இந்தக் காகிதச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும், உலகத்திலேயே சிறந்த கேமராவின் பதிவும் செல்லாக் காசாகிவிடக்கூடும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006இல் சுமார் ஆயிரம் ஜூரிகளாக வந்தோரிடம் விசாரித்தபோது, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதேனும் ஒரு விஞ்ஞானச் சாட்சியத்தை எதிர்பார்ப்பதாக 46 விழுக்காட்டினர் கூறினர். ஆனால் தொடர்களைப் பார்ப்பதே தீர்ப்பை மாற்றிவிடுகிறது என்பதற்கு அவருக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஜூரிமுறை மறைந்து பல பத்தாண்டுகளாகிவிட்டன. ஆகவே இங்கே தொடர்களின் செல்வாக்கை நீதிமன்றத்துக்குள் தேடுவது வீண். அது விழுவது வெளியே, குடிமக்களாகிய நம் மனத்தின்மேல். 2020 செப்டம்பரில், வடமதுரை வட்டாரத்துச் சிறுமி ஒருத்தியின் கொலை வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தபோது, அடுத்த மாதமே தமிழகமெங்கும் முடிதிருத்தும் நிலையங்களை அடைத்து அச்சிறுமியின் சமூகத்தார் தம் வேதனையைக் காட்டினர். சாட்சியம் போதாமல் ஒரு வழக்கு நின்றுபோகும் நிலையும், அதன் பிறகும் வாழவேண்டிய பெற்றோரின் நிலையும் தொடர்களின் உலகத்தில் இடமே இல்லாதவை. அங்கே விஞ்ஞானம் தோற்பதில்லை, ஆகையால் அதைத் தோற்கவிடும் நிர்வாகமும் கேள்விக்குள்ளாவதில்லை.

கண்காணிப்பைப் பொறுத்தவரை இந்த விளைவு இன்னும் ஆழமானது. 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலையுண்டபோது அங்கே கேமராவே இல்லை என்பது பெரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. அதன் பின்னர் சென்னையில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தோறும் கேமராக்கள் முளைத்தன. அது வேண்டியதே. ஆனால் 2020இல் சாத்தான்குளம் காவல்நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்டிரேட்டு கண்டதென்ன? நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்க ஹார்டு டிஸ்கில் இடமும் இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி மட்டும் அமைத்துவைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல்நிலையங்கள் தோறும் கேமரா வேண்டுமென்றும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்கவேண்டுமென்றும் வேறொரு வழக்கில் ஆணையிட்டது. கேமரா யாரைப் பார்க்கிறது என்பதோடு, அதன் பதிவு யார் வசம் இருக்கிறது, யாரால் அழிக்கப்படக்கூடும் என்பதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி. தொடர்களில் கண்காணிப்பு அறை எப்போதும் நல்லவர்களின் கையிலேயே இருப்பதால், அதைக் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டாகவில்லை.

இந்த வகையில் தமிழ்த் தொடர்கள் முற்றிலும் தோற்றுவிட்டன என்று சொல்வது அநீதியாகும். 'வதந்தி' ஒரு பெண்ணின் பிணத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் கிடத்தித் தொடங்கி, இறந்தவளைச் சுற்றிப் பத்திரிகையும் ஊரும் பின்னும் கதைகளே விசாரணைக்கு எத்துணைப் பெரிய தடை என்று காட்டுகிறது. ஆய்வகத்து மாயாஜாலத்தைவிட ஓர் அதிகாரியின் விடாப்பிடியே அங்கே முன்னிற்கிறது. காவல்துறையின் பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் பணியில் இருக்கும் ஒரு பெண்ணைக் கதாநாயகியாக்கிய 'நவம்பர் ஸ்டோரி', கணினியைத் திறக்கும் காட்சிகளில் வழக்கமான மிகைக்கு ஆளானாலும், அரசின் தரவுக் களஞ்சியத்துக்குள் வெளியார் புகமுடியும் என்ற நியாயமான அச்சத்தை எழுப்பிற்று. தமிழகக் காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்துக்குள் அத்துமீறல் நிகழ்ந்ததாக 2024இல் செய்தி வந்தபோது, அந்தக் கற்பனை அத்தனை தூரத்தில் இல்லை என்பது தெரிந்தது.

நாடகம் நாடகந்தானே, ஆய்வக நடைமுறைக் கையேட்டை யார் உட்கார்ந்து பார்ப்பார் என்று கேட்பவர்களுக்கு ஒரு மறுமொழி உண்டு. நாடகத்துக்கு வேண்டியது தடையும் ஐயமும் இழப்பின் அச்சமும். தானாக அழியப்போகும் பதிவை எட்டிப்பிடிக்க ஓடும் ஓட்டத்திலும், கூண்டில் ஏறிச் சொல்லை மாற்றும் சாட்சியிலும், கருத்துரைக்க இயலவில்லை என்று எழுதத் துணியும் நிபுணரின் மனப்போராட்டத்திலும் அவை மூன்றும் நிறைந்து கிடக்கின்றன. யதார்த்தத்தைக் கைவிட்டதால் இத்தொடர்கள் விறுவிறுப்பைச் சம்பாதித்தன என்று கொள்வது தவறு. கைக்கருகே இருந்த விறுவிறுப்பை விட்டுவிட்டு இயந்திரத்தின் மினுக்கத்தைக் கடன் வாங்கின என்பதே சரி.

ஆகவே, ஒரு துப்பறியும் தொடரை மதிப்பிடும்போது, அதில் காட்டிய கருவி உண்மையில் உண்டா என்று பார்ப்பது சிறிய சோதனை. அக்கருவி தவறக்கூடும் என்பதை அது ஒருமுறையேனும் ஒப்புக்கொள்கிறதா, தடயம் எத்தனை மனிதர்களின் கைகளைக் கடந்து நீதிமன்றம் சேர்கிறது என்பதைக் காட்டுகிறதா, அக்கைகளில் ஒன்று கறைபட்டதாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க நம்மைத் தூண்டுகிறதா என்பவையே பெரிய சோதனைகள். இவற்றில் தேறும் தொடர், கருவியின் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் நமக்கு நன்மையே செய்யும். தேறாத தொடரோ, கருவிகள் அனைத்தையும் பிழையறக் காட்டினாலும், இயந்திரத்தை வணங்கும் புத்தியையே நமக்குப் போதித்துக்கொண்டிருக்கும்.